பதிமூன்று அங்குலத்துக்குக் கீழே

நெல்டா பீட்ரிக்கு அந்தச் சனிக்கிழமை பதினோரு மணிக்குள்ளேயே கால் கடுக்க ஆரம்பித்துவிட்டது. விடியற்காலை ஆறு மணியிலிருந்து லிரெட் படகுத்துறையின் சிமெண்டுச் சரிவோரம் நின்றுகொண்டிருக்கிறாள். ஜூன் மாதத்து வெயில் சதுப்புப் புல்லின் மேல் ஆவி பறக்கக் காய்ந்தது. காற்று பேருக்குக்கூட இல்லை. இதுவரை கரையேறிய படகுகள் பதினேழு. அவளுக்கு ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டியவை பன்னிரண்டு. மற்ற ஐந்து படகுக்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவன், "இன்னிக்குப் பிடிச்சது கொசுக்கடிதான், அளந்துக்க" என்று முழங்கையை நீட்டினான்.

அவள் சிரித்து வைத்தாள். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

லூசியானாவின் தென்கோடியில், நிலம் எங்கே முடிந்து கடல் எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு போட்டுச் சொல்ல முடியாத இடத்தில், இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவள் வேலை. மாநில மீன்வளத் துறைக்காக, தூண்டில் போட்டுத் திரும்புகிறவர்களை நிறுத்திப் படகில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் பிடித்தீர்கள், என்ன கிடைத்தது, எதைத் திருப்பித் தண்ணீரில் விட்டீர்கள் என்று கேட்க வேண்டும். சம்மதித்தால் ஒவ்வொரு மீனையும் பலகையில் கிடத்தி நீளம் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான். யாரையும் பிடிக்கவோ அபராதம் எழுதவோ அவளுக்கு அதிகாரம் கிடையாது. அது வார்டனுடைய வேலை. ஆனால் இரண்டு பேருடைய சட்டையிலும் ஒரே அரசாங்க முத்திரை. பார்க்கிறவன் கண்ணுக்கு வித்தியாசம் தெரியுமா? அதனால்தான் யாரைப் பார்த்தாலும், "நான் வார்டன் இல்லீங்க, நீங்க சொல்றது, காட்டறது எதுவும் வெளிய போகாது" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாள். தூக்கத்திலும் அதையே உளறுகிறாள் என்று அவள் கணவன் ஏர்ல் அடிக்கடி கேலி செய்வான்.

போன குளிர்காலம் வரைக்கும் பெரிய தொந்தரவு இருந்ததில்லை. அந்தப் பக்கத்தில் மீன் என்றால் ட்ரவுட். முதுகில் கறுப்புப் புள்ளி தெளித்து, வாய்க்குள் மஞ்சள் பூசிய மாதிரி இருக்கும். பொரித்துத் தின்றால் முள் தொண்டையில் நிற்காது. ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து, பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று ஒரு தலைமுறையாக இருந்த விதியை மாற்றி, ஆளுக்குப் பதினைந்து, பதிமூன்று அங்குலம் என்று ஆக்கிவிட்டார்கள். ஓர் அங்குலம்தானே என்று வெளியூர்க்காரன் கேட்பான். அந்த ஓர் அங்குலத்துக்குள்தான் ஊர்க்காரர்களுடைய பெட்டியில் பாதி இருந்தது.

விதியை மாற்றுவதற்கு முன்னால் பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. இருநூறு பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். அதிகாரிகள் திரையில் வரைபடம் காட்டினார்கள். வருடத்துக்கு வருடம் கீழே இறங்குகிற கோடு. அந்தக் கோட்டில் இருந்த புள்ளிகளில் பாதி நெல்டா இந்தச் சரிவில் நின்று எழுதியவை. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது நோரிஸ் ட்ராஸ்க்ளேர் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"இருபது வருஷமா ஒரு பொம்பளை நம்ம பெட்டிய எண்ணிட்டு நின்னா. நாமளும் போனாப் போகுதுன்னு திறந்து திறந்து காட்டினோம். இப்ப நம்ம மீனை வச்சே நம்ம வாயில மண்ணைப் போட்டுட்டாங்க. இனிமே எவனாவது திறந்து காட்டினா அவனை மாதிரி முட்டாள் கிடையாது!"

மண்டபமே கைதட்டியது. இருநூறு தலைகள் திரும்பி அவளைப் பார்த்தன.

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் அன்றைக்கே மறந்திருப்பாள். நோரிஸ் சொன்னதுதான் உள்ளே போய்த் தைத்தது. அவரும் அவர் தம்பி ஃபெலிக்ஸும் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவளை மறுத்ததில்லை. ஒரு ஆகஸ்ட் மாதத்தில் வெயில் தாங்காமல் அவள் சுருண்டு விழுந்தபோது, அண்ணனும் தம்பியும்தான் தூக்கிப் போய் நிழலில் கிடத்தித் தங்கள் பெட்டியிலிருந்த ஐஸை அள்ளிக் கழுத்தில் வைத்தார்கள். கூட்டம் நடந்த மறு மாதம் ஃபெலிக்ஸ் இறந்துபோனார். நெல்டா சாவுக்குப் போய்ச் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பி வந்தாள்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு மேல் அந்த நீலப் படகு கால்வாயில் திரும்பி வந்தது. நோரிஸ் தனியாகத்தான் இருந்தார். டிரெய்லரில் படகை ஏற்றிச் சரிவின் மேல் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. முன்பெல்லாம் ஒருவர் வண்டியை ஓட்ட, ஒருவர் படகைப் பிடிப்பார்கள். நெல்டா போகலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தயங்கினாள். வருகிற எல்லாரையும் கேட்க வேண்டும் என்பது வேலை. போனாள்.

"மிஸ்டர் நோரிஸ், நான் வார்டன் இல்லீங்க. நீங்க சொல்றது..."

"எனக்குத் தெரியாதா அது?" என்றார் அவர். பெட்டியின் மூடியைக் காலால் தள்ளித் திறந்துவிட்டார். "இந்தா. எழுதிக்கோ."

கூட்டத்தில் பேசியதைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அவள் மண்டி போட்டு ஒவ்வொரு மீனாக எடுத்துப் பலகையில் வைத்தாள். மூக்கு ஒரு முனையில் முட்ட, வாலைச் சேர்த்துப் பிடித்து அளவு பார்த்தாள். பதினான்கு. பதினாலரை. பதிமூன்றேகால். அப்படியே பதினொரு மீன் வந்தது. அதற்கடுத்தது பன்னிரண்டே முக்கால். அதற்கடுத்தது பன்னிரண்டரை. அவள் கை கொஞ்சம் மெதுவானது. மொத்தம் பதினேழு மீன். ஆறு மீன் பதிமூன்று அங்குலத்துக்குக் கீழே. எண்ணிக்கையிலும் இரண்டு கூடுதல்.

"என்ன, பேச்சைக் காணோம்?"

"எண்ணிட்டிருக்கேன்."

"எண்ணு. நான் எண்ணல. அளக்கவும் இல்ல." அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். "அதெல்லாம் ஃபெலிக்ஸோட வேலை. நான் பிடிப்பேன், அவன் அளந்து உள்ள போடுவான், இல்ல வெளிய போடுவான். இன்னிக்குப் பிடிச்சேன், போட்டேன். அளக்கணும்னே தோணல."

"எத்தனை மணி நேரம் பிடிச்சீங்க?"

"ஆறு."

"திருப்பி விட்டது?"

"ஒண்ணுமில்ல. அதான் சொன்னேனே."

அவள் எழுதினாள். கண்டிக்கவும் கூடாது, அறிவுரை சொல்லவும் கூடாது, முகத்தில் எதையும் காட்டவும் கூடாது. அதுவும் வேலையில் சேர்த்திதான். மீன்களை ஐஸின் மேல் திருப்பி அடுக்கி, மூடியை அவளே அழுத்தி மூடினாள். "தாங்க்ஸ், மிஸ்டர் நோரிஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த படகுக்குப் போனாள். அந்தப் படகில் இருந்த இரண்டு ஆட்கள் இவ்வளவு நேரமும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டரை மணிக்கு வார்டனின் வண்டி வந்து நின்றது. டிராவிஸ் கலே, இருபத்தேழு வயதுப் பையன். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நெல்டா தன் வண்டி நிழலில் உட்கார்ந்து, பெட்ரோல் பங்க்கில் வாங்கிய சோறும் பன்றிக்கறியும் அடைத்த பூடான் சாசேஜைத் தின்றுகொண்டிருந்தாள்.

"மிஸ் நெல்டா, சாப்பாடு ஆகுதா?"

"ஆகுது. என்ன விஷயம், சொல்லு."

"நீலப் படகு. ட்ராஸ்க்ளேர் பெரியவர். பெட்டியில சின்ன மீன் கிடக்குதுன்னு போன் வந்துச்சு. நான் வர்றதுக்குள்ள போயிட்டாரு. நீங்க அளந்தீங்களாமே?"

"காலையிலேருந்து நிறைய பேரோடத அளந்தேன்."

"அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்க."

"காட்ட மாட்டேன், டிராவிஸ்."

அவன் சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான் போல. அவள் சிரிக்கவில்லை என்றதும் அவன் முகம் மாறியது. "ரெண்டு பேருக்கும் சம்பளம் போடறது ஒரே அரசாங்கம்தான்."

"ஆமா. அந்த அரசாங்கம் எனக்குச் சொன்ன முதல் உத்தரவே இந்தத் தாளை உன்கிட்டக் காட்டக் கூடாதுங்கறதுதான்."

"தப்புப் பண்ணினவரைக் காப்பாத்தறீங்க."

"நான் யாரையும் காப்பாத்தல." அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒருத்தர் பெட்டிய உனக்குக் காட்டிக் குடுத்தேன்னு வச்சுக்கோ. அடுத்த வாரம் எவனும் திறக்க மாட்டான். அப்புறம் கடல்ல மீன் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? நீ முங்கிப் போய் எண்ணிட்டு வருவியா?"

அவன் வண்டியில் ஏறினான். கதவைச் சாத்திய சத்தம் மட்டும் பலமாக இருந்தது. நெல்டா மிச்சம் இருந்த பூடானைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். திங்கட்கிழமை மேலதிகாரி ஷெரிலுக்கு நடந்ததைச் சொன்னபோது, "சரியாத்தான் செஞ்சே" என்றாள் அவள். அத்தோடு முடிந்தது என்றுதான் நெல்டா நினைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை நாற்பத்தொரு படகு வந்தது. முப்பத்தெட்டு பேர் மறுத்தார்கள்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களை அவளுக்குப் பழக்கம். இது வேறு மாதிரி இருந்தது. அவள் நடந்து வருவதைப் பார்த்ததுமே படகுக்காரர்கள் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். தன் இரண்டு மகள்களையும் வாரா வாரம் அவளிடம் அனுப்பி, அவர்கள் பிடித்ததை அளந்து பார்த்துச் சந்தோஷப்பட வைக்கிற ஒரு பெண், அன்றைக்குப் பிள்ளைகளின் தோளைப் பிடித்து வேறு பக்கமாக நடத்திக்கொண்டு போனாள். மத்தியானம் வண்டிக்குத் திரும்பி வந்தால், முன்பக்க மூடியின் மேல் ஏழெட்டு மீன் தலைகள். வெயிலில் வெந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கால்வாயில் எறிந்தாள். பெலிக்கன்கள் வந்து பொறுக்கித் தின்றன. கரிசனமோ கோபமோ இல்லாத ஜீவன்கள் அந்தத் துறையில் அவை மட்டும்தான் என்று தோன்றியது.

கை கழுவ, துறையோரம் தூண்டில் இரையும் காப்பியும் விற்கிற இரைக்கடைக்குப் போனாள். கடைக்காரி வெர்னா அவளுக்குக் காப்பியை ஊற்றிக் கொடுத்தாளே தவிர, நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னடி வெர்னா, நீயுமா?"

வெர்னா இறால் தொட்டியில் வலையை விட்டுக் கலக்கிக்கொண்டே பேசினாள். "நோரிஸுக்கு டிக்கெட் எழுதிட்டாங்க, தெரியுமா? அபராதம், கோர்ட்டுத் தேதி, எல்லாம். நீ அளந்து குடுத்தேன்னு அந்த வார்டன் பையனே அவருகிட்டச் சொன்னானாம். ஏன் நெல்டா? கூட்டத்துல நாலு வார்த்தை பேசினாருங்கறதுக்காகவா?"

நெல்டா கோப்பையைக் கீழே வைத்தாள். நான் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். யாருடைய பெட்டியைப் பற்றியும் யாரிடமும் பேசக் கூடாது. பேசினால், கொடுப்பதற்கு ஏதோ இருந்தது என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அவள் விஷயத்தில் பழிக்கும் பதில் சொல்ல வழியில்லை.

அன்றைக்கு மிச்சமிருந்த நான்கு மணி நேரமும் அவள் நின்றாள். ஒவ்வொரு படகுக்கும் போனாள். ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னாள். அது காதில் விழுந்ததும் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து நோரிஸின் வீட்டுக்கு வண்டியை விட்டாள். புயல் வெள்ளத்துக்குப் பயந்து பன்னிரண்டு அடித் தூண்களின் மேல் கட்டிய வீடு. கீழே நிழலில் அவர் ஒரு வாளித் தண்ணீரில் தூண்டில் சுருள்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"அளக்க இங்க ஒண்ணுமில்ல."

"ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன், மிஸ்டர் நோரிஸ். டிராவிஸ் வந்து உங்ககிட்ட என்ன சொன்னான்?"

"உனக்குத் தெரியாதாக்கும்."

"தெரியாது."

அவர் சுருளை வாளியில் போட்டார். "நான் மீனைச் சீவித் துண்டு போட்டு வச்சுட்டேன். தோலும் இல்ல, வாலும் இல்ல. அதைப் பார்த்து எவனாலயும் நீளம் சொல்ல முடியாது. பையன் பார்த்தான். அப்புறம், 'மிஸ் நெல்டா அளந்த தாள் எங்ககிட்ட இருக்கு, நீங்களே ஒத்துக்கிட்டா சுலபமா முடியும்'னான். தாளே இருக்கும்போது நான் என்ன மறைக்கிறது? ஒத்துக்கிட்டேன்."

"எத்தனை சின்னதுன்னு அவன் சொன்னானா?"

"சொன்னான். ஆறுன்னு..." அவர் நிறுத்தினார். ஈரக் கை அப்படியே முழங்காலில் நின்றது. "இல்ல. 'எத்தனை சின்னதுன்னு நீங்களே சொல்லுங்க, தாளோட ஒத்துப் போகுதான்னு பார்க்கிறேன்'னான். நீ பலகையில வச்சப்ப பார்த்துட்டிருந்தேன்ல, நான்தான் ஆறுன்னேன்."

நெல்டா கையோடு கொண்டு வந்திருந்த, தாள் செருகும் அட்டையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பதினெட்டாவது படகு. ஒரு ஆள். ஆறு மணி நேரம். பிறகு பதினேழு எண்கள்.

"என் பேரு எங்க?"

"பேரு எழுதறதே கிடையாது. படகு நம்பரும் கிடையாது. எப்பவும் கிடையாது. இதை அவன்கிட்டக் குடுத்திருந்தாலும் அது யாரோ ஒருத்தரோட பெட்டிதான். குடுக்கவும் இல்ல. கேட்டான், மாட்டேன்னுட்டேன்."

நோரிஸ் தாளை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.  தெருவில் யாரோ இறால் லாரியை ஓட்டிப் போனார்கள். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார், சத்தமில்லாமல்.

"அறுபது வருஷமா தூண்டில் போடறவன் நான். இரையே இல்லாத முள்ளுல போய்க் கடிச்சிருக்கேன், பாரு."

"கோர்ட்டுல சொல்லலாம். ஒப்புதலையே பொய் சொல்லி வாங்கினதுன்னு."

"மீனு சின்னதுதானே? ஆறும் சின்னது. அதை எப்படி இல்லைங்கறது?" அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "கட்டிடறேன். அது போகட்டும்."

"அப்ப ஊர்ல மட்டும் சொல்லிடுங்க. நான் காட்டிக் குடுக்கலைன்னு."

"என்னன்னு சொல்றது? எழுபத்திரண்டு வயசுல ஒரு பொடியன்கிட்ட ஏமாந்தேன்னா? வெர்னா கடையில அத்தனை பேருக்கு நடுவுலயா?"

இன்னொரு தடவை கேட்கலாம் என்றுதான் நினைத்தாள். கேட்டுப் பயனில்லை என்று தோன்றியது. இரண்டு நாளாக நின்ற கால் துவண்டது. "உங்க இஷ்டம், மிஸ்டர் நோரிஸ்" என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள்.

"ஷா," என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். அந்த ஊரில் மனத்துக்கு வேண்டியவர்களைக் கூப்பிடுகிற வார்த்தை அது. ஃபெலிக்ஸும் அவரும் அப்படித்தான் அவளைக் கூப்பிடுவார்கள். கூட்டத்துக்குப் பிறகு அவள் அதைக் கேட்டதில்லை. "நெசமாவே கொறஞ்சு போச்சா மீனு? மண்டபத்துல காட்டினது நெசமா?"

அவள் திரும்பினாள். "பத்து வருஷம் முன்ன நீங்களும் ஃபெலிக்ஸும் மூணு மணி நேரம் போய்ட்டு ஐம்பது மீனோட வருவீங்க. ஆளுக்கு இருபத்தஞ்சுன்னு அவரு எண்ணி வைப்பாரு. போன வாரம் ஆறு மணி நேரத்துல பதினேழு, அதுவும் ஆறு குட்டியச் சேர்த்து. இதை நான் சொல்லணுமா?"

அவர் எழுந்தார். வாளித் தண்ணீரைப் புல்லில் கொட்டினார்.

டிராவிஸை அவள் புதன்கிழமை அலுவலக வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என் பேரைச் சொல்லித்தான் வாங்கினியா?"

"விசாரணையில அப்படிச் சொல்றதுக்குச் சட்டம் இடம் குடுக்குது, மிஸ் நெல்டா."

"குடுக்குது. ஆனா சனிக்கிழமை அந்தச் சரிவுல சட்டம் வந்து நிக்கல. நான் நிக்கறேன். முப்பத்தெட்டு பேரு மூடியத் திறக்கல. வண்டி மேல மீன் தலை."

அவன் காது சிவந்தது. "அந்தப் பெரியவர் உடனே ஒத்துக்குவாருன்னு நான் நினைக்கல. ரெண்டு வார்த்தை சொல்லிப் பார்ப்போம்னுதான்..." முடிக்காமல் தன் பூட்ஸைப் பார்த்தான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அவன் கெட்ட பையன் இல்லை. வேலையைச் சரியாகச் செய்கிறோம் என்று நினைத்துச் செய்கிறவன். அப்படிப்பட்டவர்களால்தான் அவளுக்கு ஆயாசம் அதிகம்.

அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் அப்படியே போயின. ஒரு நாள் நான்கு பேர் திறந்தார்கள், ஒரு நாள் மூன்று பேர். ஷெரில் கூப்பிட்டு, "வேற படகுத்துறைக்கு மாத்தட்டுமா?" என்று கேட்டாள். "பார்ப்போம்" என்றாள் நெல்டா. வீட்டில் ஏர்ல் ஒன்றும் கேட்பதில்லை. அவள் வந்ததும் நாற்காலியை மின்விசிறிப் பக்கம் நகர்த்திப் போடுவான், அவ்வளவுதான்.

ஜூலை மூன்றாவது சனிக்கிழமை நோரிஸ் படகில்லாமல், வெறும் வண்டியில் வந்தார். நேராக இரைக்கடைக்குள் போனார். ஏழெட்டு பேர் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நெல்டா சரிவில் நின்றபடி கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. யாரோ சிரித்தார்கள். அவர் கையை ஓங்கி மேசையில் தட்டினார். இன்னும் கொஞ்சம் பேசினார். பிறகு உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். அவள் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

நோரிஸ் வெளியே வந்து, அவள் பக்கம் வராமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வெர்னா ஒரு காகிதக் கோப்பையில் காப்பியோடு சரிவுக்கு வந்தாள். "இந்தா, சூடா இருக்கு. அந்த மனுஷன் தன்னையே அப்படித் திட்டிக்கிட்டு நான் பார்த்ததே இல்ல. கேட்டவங்க காது கூசிப்போச்சு." அவள் தயங்கினாள். "நீ அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லக் கூடாது, வெர்னா."

"நல்ல வேலைடி உன் வேலை."

அன்றைக்கு வந்தது முப்பத்து மூன்று படகு. மறுத்தவர்கள் இருபத்து நான்கு. ஒன்பது பேர் திறந்து காட்டினார்கள். மீன் தலை வைத்தது யார் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவனும் அந்த ஒன்பதில் ஒருவன். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் மீனை மட்டும் எடுத்து எடுத்துக் கொடுத்தான். அவளும் அளவை மட்டும் பார்த்தாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமலே நாற்காலியில் தூங்கிவிட்டாள்.

கோடை முடிந்தது. மறுப்புக் குறைந்தது, ஆனால் பழைய நிலைக்கு வரவில்லை. அக்டோபரில் ஷெரில் போன் செய்தாள். ஜூன், ஜூலைக் கணக்கு போதாது என்று லிரெட் துறையை அந்த வருடத்து மீன் இருப்புக் கணிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கணிப்பில் ஓட்டை இருப்பதால் விதியைத் தளர்த்தலாமா என்று பரிசீலிப்பதையும் ஒரு வருடம் தள்ளி வைத்துவிட்டார்கள். பதினைந்து மீன், பதிமூன்று அங்குலம், அப்படியே நிற்கும். பெட்டியை மூடியவர்கள் தங்கள் வாயைத்தான் மூடிக்கொண்டார்கள். அதைச் சொல்லிக் காட்டவும் நெல்டாவுக்கு மனம் வரவில்லை.

"அந்த வேற துறை," என்றாள் ஷெரிலிடம். "இன்னும் காலியா இருக்கா?"

"இருக்கு."

"மாத்திடு. புது முகம் வந்தா இங்க கொஞ்சம் திறப்பாங்க."

கடைசிச் சனிக்கிழமை காலையில் வெர்னா கடையில் நோரிஸ் உட்கார்ந்திருந்தார். வாடைக்காற்று தொடங்கியிருந்தது, யாரும் அவசரமாகக் கிளம்பவில்லை. நெல்டா அவருக்கு எதிரே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

"உனக்குப் பதிலா யாரு?"

"ஒரு பொண்ணு. இப்பதான் காலேஜ் முடிச்சுட்டு வந்திருக்கா. வடக்குப் பக்கத்துக்காரி, நம்ம பேச்சே அவளுக்குப் பாதி புரியாது."

"அவளுக்கும் திறந்து காட்டணுமா நான்?"

"கட்டாயமில்ல, மிஸ்டர் நோரிஸ். எப்பவுமே கட்டாயமில்ல. வேணாம்னு சொன்னா அவ போயிடுவா."

அவர் கோப்பையைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தார். மற்ற மேசைகளில் பேச்சு ஓய்ந்திருந்தது. எல்லாரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு இங்கேதான் காது கொடுத்திருந்தார்கள்.

"காட்டறேன்" என்றார், அவர்களுக்கும் கேட்கிற மாதிரி. பிறகு எழுந்து, தண்ணீர் வற்றுவதற்குள் படகை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நெல்டா காப்பியைக் குடித்து முடித்தாள். பலகையையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு சரிவுக்கு இறங்கினாள். மழை பிடிக்கும்போல் இருந்தது. அவள் வேலை முடிய இன்னும் ஏழு மணி நேரம் பாக்கி இருந்தது.